ஆடியபோது தங்கம், ஆட்டுவித்தபோது பழி!

ஆக்கி வீரர் பாஸ்கரனின் இரண்டு வாழ்க்கை

ஆடுகிறவருக்கு ஒரு கவலை. ஆட்டுவிக்கிறவருக்கு ஆயிரம் கவலை!

ஆடுகிறவர் மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்தில் நிற்கிறார். பந்து வந்தால் அடிக்கலாம். எதிரி வந்தால் தடுக்கலாம். மூச்சு இருக்கும் வரை ஓடலாம். ஆட்டுவிக்கிறவர், அதாவது பயிற்சியாளர், கோட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். கண் எதிரே கோல் விழுகிறது. எழுந்து ஓடிப்போய் அதைத் தடுக்க அவரால் முடியாது. ஆனால் தோற்றால், முதல் பழி விழுவது அவர் தலையில்தான்.

இந்த இரண்டு இடத்திலும் இருந்து பார்த்தவர் ஒரு தமிழர். அவர் பெயர் வாசுதேவன் பாஸ்கரன்.

1980-ம் ஆண்டு மாஸ்கோ நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. அதில் தங்கப் பதக்கம் வென்ற இந்திய ஆக்கி கோஷ்டிக்கு அவர்தான் காப்டன். சரியாக 20 ஆண்டு கழித்து, சிட்னி ஒலிம்பிக் பந்தயத்துக்குச் சென்ற இந்திய கோஷ்டிக்கு அவரே பயிற்சியாளர். முதலில் கிடைத்தது மாலை. அடுத்துக் கிடைத்தது ஏச்சு.

அதே மனிதர். அதே ஆட்டம். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

செட்டிநாடும் ஆக்கியும்

"ஆக்கிக்கும் நம் காரைக்குடிப் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு.

1975-ம் ஆண்டு மலேசியாவின் தலைநகர் கோலாலம்பூரில் உலகக் கோப்பை ஆக்கி நடந்தது. இறுதி ஆட்டத்தில் இந்தியா 2—1 என்ற கணக்கில் பாகிஸ்தானைத் தோற்கடித்தது. ஆண்கள் உலகக் கோப்பையை இந்தியா வென்றது அந்த ஒரு முறைதான். அப்போது இந்திய ஆக்கி சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் யார் தெரியுமா? கானாடுகாத்தான் அரண்மனையைக் கட்டிய ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் பேரன், எம்.ஏ.எம். ராமசாமி!

சென்னையில் நடக்கும் அகில இந்திய ஆக்கிப் போட்டி ஒன்றில் 'முருகப்பா தங்கக் கோப்பை' வழங்கப்படுகிறது. அந்த முருகப்பா குடும்பமும் காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள பள்ளத்தூரைச் சேர்ந்ததுதான்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இந்தக் கதையில் இன்னொரு பங்கும் இருக்கிறது. அவர்களுடைய பழைய கணக்குப் புத்தகத்தில் உள்ள ஒரு வழக்கம், இந்திய ஆக்கிக்கு நல்ல பாடமாக அமையும். அதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் பாஸ்கரனின் கதை.

இடது பக்கத்துக் காவல்

பாஸ்கரன் பிறந்தது 1950-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி. படித்தது சென்னை லயோலா கல்லூரியில்.

தமிழ்நாட்டுக்கு ஆக்கி புதிதல்ல. சென்னையைச் சேர்ந்த கோல் கீப்பர் ரங்கநாதன் பிரான்சிஸ் 1948, 1952, 1956 ஆகிய மூன்று ஒலிம்பிக் பந்தயங்களில் தங்கம் வென்ற கோஷ்டியில் இருந்தவர். அந்த வழியில் வந்தவர் பாஸ்கரன்.

அவர் ஆடிய இடம் எது? 'இடது ஆப்'. அதாவது நடு வரிசையில் இடது ஓரம்.

ஆக்கியில் இது சுலபமான இடம் அல்ல. காரணத்தைச் சொல்கிறோம். ஆக்கி மட்டைக்கு ஒரு பக்கம் தட்டை. மறு பக்கம் உருண்டை. தட்டைப் பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம். இடது கைப் பழக்கம் உள்ளவருக்கு என்று தனி மட்டை கிடையாது. எல்லோரும் ஒரே மாதிரிதான் பிடிக்க வேண்டும். அதனால் பந்து நமக்கு வலது பக்கம் இருந்தால் வசதி. இடது பக்கம் போய்விட்டால், மட்டையைத் திருப்பிப் பிடித்துத்தான் தொட வேண்டும்.

இடது ஆப் ஆட்டக்காரரை நோக்கி வருகிறவர், எதிர்க் கோஷ்டியின் வலது ஓர ஆட்டக்காரர். பந்து அவருக்கு வசதியான பக்கத்தில் இருக்கும். தடுக்கிறவருக்கோ வசதி இல்லாத பக்கத்தில் இருக்கும்! ஆகவே, கை வேகம் மட்டும் போதாது. எதிரி எந்தப் பக்கம் திரும்புவான் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் புத்தி வேண்டும். அந்த இடத்தில் நின்று பழகியவர் பாஸ்கரன்.

மாண்ட்ரீல் கொடுத்த அடி

அவருடைய முதல் ஒலிம்பிக் 1976-ல் வந்தது. இடம், கனடா நாட்டின் மாண்ட்ரீல் நகரம்.

அதுவரை ஒலிம்பிக் ஆக்கி புல் தரையில்தான் நடந்தது. மாண்ட்ரீலில் முதன்முதலாக செயற்கைத் தரை விரித்தார்கள். அது பச்சைக் கம்பளம் போல இருக்கும். பந்து அதில் குதிக்காது; வழுக்கிக்கொண்டு பறக்கும். நம்மவர்களின் பலம் மெதுவாகப் பந்தை உருட்டி, வளைத்து, ஏமாற்றிக் கொண்டுபோவது. புதிய தரை, வேகமாக ஓடுகிறவனுக்கும் ஓங்கி அடிக்கிறவனுக்கும் சாதகமாகிவிட்டது.

ஆலந்து கோஷ்டியிடம் இந்தியா 1—3 என்று தோற்றது. ஆஸ்திரேலியாவிடம் 1—6 என்று தோற்றது! முந்தைய ஆண்டு உலகக் கோப்பை வென்ற நாடு, ஒலிம்பிக்கில் 7-வது இடத்துக்குப் போயிற்று. 1928 முதல் அதுவரை எந்த ஒலிம்பிக்கிலும் இந்திய ஆக்கி கோஷ்டி பதக்கம் இல்லாமல் திரும்பியதே இல்லை. அன்று திரும்பியது.

அந்த அடி வாங்கிய கோஷ்டியில் பாஸ்கரனும் இருந்தார்.

மாஸ்கோவில் கொடி பறந்தது

நான்கு ஆண்டு கழிந்தது. மாஸ்கோ ஒலிம்பிக் வந்தது. ஆப்கானிஸ்தானுக்குள் ரஷியப் படை புகுந்ததைக் கண்டித்து அமெரிக்காவும் வேறு பல நாடுகளும் அந்தப் பந்தயத்தைப் புறக்கணித்தன. ஆக்கியில் பலம் மிகுந்த மேற்கு ஜெர்மனி, ஆலந்து, ஆஸ்திரேலியா, பாகிஸ்தான் ஆகிய நாடுகள் வரவில்லை. ஆறு கோஷ்டிகள் மட்டுமே ஆடின.

"பெரிய கோஷ்டிகள் இல்லாத இடத்தில் வாங்கிய பதக்கம்தானே" என்று இன்றும் சிலர் சொல்வது உண்டு. பெரிய கோஷ்டிகள் வராதது உண்மை. ஆனால் வந்த கோஷ்டிகள் எளிதில் விட்டுக்கொடுத்துவிடவில்லை என்பதும் உண்மை.

காப்டன் பாஸ்கரனுக்கு 30-வது வயது நிறையப் போகிற நேரம். அவருக்குக் கீழே துடிப்பான இளைஞர்கள். காசியில் பிறந்த முகம்மது ஷாகிதுக்கு வயது 20-தான்! பந்து அவர் மட்டையில் ஒட்டிக்கொண்டது போல இருக்கும்.

முதல் ஆட்டத்தில் தான்சானியாவை இந்தியா 18—0 என்று வென்றது. அடுத்து போலந்து. ஆட்டம் 2—2 என்று சமமாக முடிந்தது. அடுத்து ஸ்பெயின். அதுவும் 2—2. கியூபாவை 13—0 என்றும், ரஷியாவை 4—2 என்றும் தோற்கடித்து, இந்தியா இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரே நின்றது மறுபடியும் ஸ்பெயின்.

மயிரிழையில் வெற்றி

1980 ஜூலை 29-ந் தேதி இறுதி ஆட்டம். சுரிந்தர் சிங் சோதி இரண்டு கோல் போட்டார். எம்.கே. கௌசிக் ஒரு கோல் போட்டார். இந்தியா 3—0 என்று முன்னணியில் நின்றது. இனி வெற்றி உறுதி என்று எண்ணிய நேரத்தில் ஸ்பெயின் சீறி எழுந்தது. அவர்களுடைய ஜுவான் அமாட் அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டார். 3—2!

ஷாகித் ஒரு கோல் போட்டு 4—2 ஆக்கினார். அமாட் விடவில்லை. தம்முடைய மூன்றாவது கோலையும் போட்டார். 4—3! ஒரே ஒரு கோல் வித்தியாசத்தை வைத்துக்கொண்டு, கடைசி வரை இந்தியா கோட்டையைக் காத்தது.

1964-க்குப் பிறகு, 16 ஆண்டு கழித்து மீண்டும் தங்கம்! ஒலிம்பிக் ஆக்கியில் இந்தியாவுக்கு அது 8-வது தங்கம். மாண்ட்ரீலில் 7-வது இடத்தைப் பார்த்தவர், மாஸ்கோவில் முதல் இடத்தில் நின்றார்.

அரசாங்கம் அவருக்கு அர்ஜுனா விருது வழங்கியது. 1981-ல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

மட்டையைப் போட்டு, பெஞ்சுக்கு

இதுவரை பார்த்தது ஆட்டக்காரர் பாஸ்கரனை. இனிப் பார்க்கப்போவது பயிற்சியாளர் பாஸ்கரனை.

1998-ம் ஆண்டு ஆலந்து நாட்டின் உட்ரெக்ட் நகரில் உலகக் கோப்பை நடந்தது. இந்திய கோஷ்டிக்கு அவர் பயிற்சியாளர். இந்தியாவுக்குக் கிடைத்தது 9-வது இடம்.

அதே ஆண்டு டிசம்பரில் பாங்காக்கில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அதற்குள் பயிற்சியாளர் மாறிவிட்டார். புதியவராக வந்தவர், மாஸ்கோ இறுதி ஆட்டத்தில் கோல் போட்ட அதே எம்.கே. கௌசிக்! இந்தியா 32 ஆண்டுக்குப் பிறகு ஆசியத் தங்கம் வென்றது. கௌசிக்குக்கு மாலை விழுந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அந்த வெற்றிக்குப் பிறகு அவரும் பதவியில் நீடிக்கவில்லை. ஆட்டக்காரர்கள் சிலரும் நீக்கப்பட்டார்கள்.

2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக். மறுபடியும் பாஸ்கரன் பெஞ்சுக்கு வந்தார்.

மறுபடியும் போலந்து!

சிட்னியில் தொடக்கம் நன்றாக இருந்தது. அர்ஜென்டினாவை 3—0 என்று வென்றார்கள். பலம் மிக்க ஆஸ்திரேலியாவுடன், அதன் சொந்த மண்ணிலேயே 2—2 என்று சமமாக முடித்தார்கள். தென் கொரியாவிடம் 0—2 என்று தோற்றார்கள். ஸ்பெயினை 3—2 என்று வென்றார்கள்.

மீதி ஒரே ஆட்டம். அதில் வென்றால் அரை இறுதி. எதிரி, போலந்து.

இந்தியா ஒரு கோல் போட்டது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு நிமிடம்கூட இல்லை. அந்த நேரத்தில் போலந்து ஒரு கோல் போட்டுவிட்டது. 1—1!

கதவு மூடிக்கொண்டது. இந்தியா 7-வது இடத்தோடு ஊர் திரும்பியது.

வாசகர்களே, இதை நன்றாகக் கவனியுங்கள். மாஸ்கோவிலும் போலந்துடன் ஆட்டம் சமமாகத்தான் முடிந்தது. அன்று அது பெரிய குற்றம் ஆகவில்லை. மேலே ஆட வேறு ஆட்டங்கள் இருந்தன. மட்டையும் பாஸ்கரனின் கையில் இருந்தது. சிட்னியில் வேறு ஆட்டம் இல்லை. அவர் கையில் மட்டையும் இல்லை. இடது ஓரத்தில் நின்று எத்தனையோ பந்துகளைத் தடுத்தவர், அந்த ஒரு பந்தை உட்கார்ந்து பார்க்கத்தான் முடிந்தது.

2006-ல் மூன்றாவது முறையாக அவரை அழைத்தார்கள். ஜெர்மனியில் உலகக் கோப்பை. மொத்தம் 12 கோஷ்டிகள். இந்தியாவுக்கு 11-வது இடம்! மறுபடியும் ஏச்சு. மறு ஆண்டு வேறு பயிற்சியாளர் வந்துவிட்டார்.

நாற்காலி ஆட்டம்

தவறு பாஸ்கரனிடம் மட்டும்தானா? அவருக்கு முன்னும் பின்னும் வந்தவர்களின் கதையைப் பாருங்கள்.

2002 உலகக் கோப்பை கோலாலம்பூரில் நடந்தபோது பயிற்சியாளராக இருந்தவர் செட்ரிக் டிசூசா. போட்டி முடியும் வரைகூடப் பொறுக்கவில்லை. பாதியிலேயே அவரை நீக்கினார்கள்! 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருந்தபோது ராஜீந்தர் சிங்கை நீக்கிவிட்டு, ஜெர்மனியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ஆட்டக்காரர்களின் பெயரை மனப்பாடம் செய்யவாவது அவருக்கு நேரம் இருந்திருக்குமா?

கல்யாண வீட்டில் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது சமையல்காரரை மாற்றினால் என்ன ஆகும்? சாம்பாரில் ஒருவர் உப்புப் போட்டிருப்பார். வந்தவரும் போடுவார். இல்லையென்றால், இரண்டு பேருமே போடாமல் விட்டுவிடுவார்கள்.

அப்படித்தான் ஆயிற்று. 2008 மார்ச்சில் சிலி நாட்டில் தகுதிப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் பிரிட்டனிடம் இந்தியா 0—2 என்று தோற்றது. பீஜிங் ஒலிம்பிக்குக்கு இந்திய ஆக்கி கோஷ்டி போகவே இல்லை. 1928-க்குப் பிறகு, இந்திய ஆக்கி இல்லாமல் நடந்த முதல் ஒலிம்பிக் அதுதான். எட்டுத் தங்கம் வென்ற நாட்டுக்கு இந்தக் கதி!

ஆடியும் வென்றார், ஆட்டுவித்தும் வென்றார்

நல்ல ஆட்டக்காரர் நல்ல பயிற்சியாளர் ஆக முடியாது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். நம் நாட்டிலேயே அதற்கு மறுப்பு உண்டு.

பல்பீர் சிங் என்ற சீக்கிய வீரர் 1948, 1952, 1956 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றவர். 1952 இறுதி ஆட்டத்தில் இந்தியா போட்ட 6 கோலில் 5 கோல் அவருடையது! 1975-ல் கோலாலம்பூரில் உலகக் கோப்பை வென்ற கோஷ்டிக்கு அவர்தான் மானேஜர். அந்தக் கோஷ்டியைச் சண்டிகரில் நீண்ட பயிற்சி முகாமில் ஒன்றாகத் தங்க வைத்துப் பழக்கினார்கள். ஒன்றாக உண்டு, ஒன்றாக ஓடி, ஒருவர் குணத்தை ஒருவர் அறிந்த பிறகே விமானம் ஏறினார்கள்.

ஆகவே, ஆளைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. அது, அவருக்குக் கொடுக்கும் அவகாசம்.

அயர்லாந்து ஆசிரியர்

கடல் கடந்து அயர்லாந்து நாட்டுக்குப் போவோம். அங்கே 'ஹர்லிங்' என்று ஒரு ஆட்டம் உண்டு. ஆக்கிக்கு அண்ணன் முறை என்று சொல்லலாம். அதிலும் மட்டை உண்டு, பந்து உண்டு. ஆனால் பந்து தரையில் மட்டும் ஓடாது. மட்டையால் ஆகாயத்திலும் அடிப்பார்கள். கையாலும் பிடிப்பார்கள். ஒரு பக்கத்துக்கு 15 பேர். கோல் கம்பத்தின் குறுக்குக் கட்டைக்குக் கீழே பந்தைச் செலுத்தினால் 3 புள்ளி. மேலே அனுப்பினால் 1 புள்ளி.

அங்கே மாவட்டத்துக்கு மாவட்டம் போட்டி. நம் சிவகங்கையும் ராமநாதபுரமும் மோதுவது போல! ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பகலில் அவரவர் வேலை, மாலையில் பயிற்சி.

கில்கென்னி என்ற மாவட்டத்தின் ஆட்டக்காரர் பிரையன் கோடி. தொழில், பள்ளிக்கூட ஆசிரியர். 1982-ல் காப்டனாக இருந்து தம் மாவட்டத்துக்கு அகில அயர்லாந்துக் கோப்பையைக் கொண்டுவந்தார். 1998-ன் கடைசியில் அதே மாவட்டக் கோஷ்டிக்கு மானேஜர் ஆனார்.

முதல் ஆண்டு என்ன நடந்தது? 1999 இறுதி ஆட்டத்தில், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கார்க் மாவட்டத்திடம் தோல்வி!

நம் ஊராக இருந்தால், வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். கில்கென்னியில் அனுப்பவில்லை. அடுத்த ஆண்டே அவர் கோப்பையைக் கொண்டுவந்தார். 2001-ல் மறுபடி தோல்வி. அப்போதும் அனுப்பவில்லை. 2006 முதல் 2009 வரை தொடர்ந்து நான்கு ஆண்டு கோப்பை அவர்களுக்கே! 2022-ல் அவராக விலகும் வரை 24 பருவங்கள் அவரே மானேஜர். மொத்தம் 11 கோப்பை.

24-ல் 11 போனால் மீதி எத்தனை? 13. அந்த 13 ஆண்டு கோப்பை கிடைக்கவில்லை. ஆட்டத்தின் மாபெரும் மானேஜர் என்று புகழப்படுகிறவரே, வென்ற ஆண்டுகளைவிட வெல்லாத ஆண்டுகள்தான் அதிகம்!

மூன்று வருஷக் கணக்கு

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. செட்டிநாட்டுப் பெரியவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான்.

அந்தக் காலத்தில் நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கடை வைத்து வட்டித் தொழில் நடத்தினார்கள். முதலாளி ஊரில் இருப்பார். கடையை நடத்த ஏஜெண்டு ஒருவரைக் கப்பலேற்றி அனுப்புவார். அவருக்குக் கீழே அடுத்தாள். கடைசியில் பெட்டியடிப் பையன். கடைசிப் படியில் சேர்ந்து, தொழில் கற்று, படிப்படியாக ஏஜெண்டாக உயர்ந்தவர்கள் பலர்.

ஏஜெண்டுக்குக் கொடுக்கும் தவணை எவ்வளவு? மூன்று வருஷம்! அந்த மூன்று வருஷம் அவர் கடையை நடத்துவார். பிறகு கணக்கை முடித்து, அடுத்து வருகிறவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். முதல் மாதம் வசூல் குறைந்தது என்று முதலாளி அடுத்த கப்பலில் வேறு ஆளை அனுப்பிக்கொண்டிருந்தால், கடை நிலைத்திருக்குமா? புது ஊர், புது மொழி, புது மனிதர்கள். யார் நாணயஸ்தர், யார் ஏமாற்றுக்காரர் என்று தெரிந்துகொள்ளவே ஒரு வருஷம் ஆகும்.

அதற்காக, மூன்று வருஷம் கேள்வியே கேட்கமாட்டார்கள் என்று அர்த்தம் அல்ல. கணக்கு ஊருக்கு வந்துகொண்டிருக்கும். காலணா விடாமல் பார்ப்பார்கள். தவணை முடிந்ததும் லாபமா, நட்டமா என்று தீர்மானிப்பார்கள். கண்டிப்பும் உண்டு, அவகாசமும் உண்டு.

பாஸ்கரனின் கணக்கைப் பாருங்கள். 1998-ல் ஒரு முறை. 2000-ல் ஒரு முறை. 2006-ல் ஒரு முறை. மூன்று முறை அழைத்தார்கள்; மூன்று முறை அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் புதிய கணக்கு. பழைய பாக்கி மட்டும் அவர் பெயரில்!

அவகாசம் கொடுத்திருந்தால் அவர் நிச்சயம் வென்றிருப்பார் என்று நாம் சொல்லவில்லை. அது யாருக்கும் தெரியாது. ஆனால் நட்ட செடியை மாதத்துக்கு ஒரு முறை பிடுங்கி வேரைப் பார்க்கிறவருக்கு, அது நல்ல செடியா, மோசமான செடியா என்பது ஒரு நாளும் தெரியப்போவதில்லை.

41 ஆண்டுக்குப் பிறகு

இந்திய ஆக்கி பிறகு என்ன ஆயிற்று?

2019-ல் ஆஸ்திரேலியாவின் கிரகாம் ரீட் பயிற்சியாளராக வந்தார். அவரும் ஆடியவர்தான், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர். கொரோனா நோயால் ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிப்போயிற்று. அந்த ஓராண்டும் அதே கோஷ்டி அதே பயிற்சியாளரோடு இருந்தது. 2021 ஆகஸ்டு 5-ந் தேதி டோக்கியோவில் இந்தியா 5—4 என்று ஜெர்மனியை வென்று வெண்கலம் பெற்றது. மாஸ்கோவில் பாஸ்கரன் கோஷ்டி வாங்கிய தங்கத்துக்குப் பிறகு, 41 ஆண்டு கழித்து வந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது!

அதைப் பார்க்க கௌசிக் இல்லை. மூன்று மாதத்துக்கு முன், மே 8-ந் தேதி அவரைக் கொரோனா கொண்டுபோய்விட்டது. மாஸ்கோ கோஷ்டியின் இன்னொரு வீரரான ரவீந்தர் பால் சிங்கும் அதே நாளில் அதே நோயால் இறந்தார்.

2024 பாரீஸ் ஒலிம்பிக்கிலும் இந்தியா வெண்கலம் வென்றது. அப்போது பயிற்சியாளர், தென் ஆப்பிரிக்காவின் கிரெய்க் புல்டன். அவர் முன்பு பல ஆண்டு எந்த நாட்டு ஆக்கி கோஷ்டியை வளர்த்தார் தெரியுமா? பிரையன் கோடியின் அயர்லாந்தை! 1908-க்குப் பிறகு ஒலிம்பிக் ஆக்கியையே பார்க்காத அந்த நாட்டு ஆண்கள் கோஷ்டியை, 2016-ல் ரியோ ஒலிம்பிக்குக்கு அழைத்துச் சென்றவர் அவர்.

மதுரைக்கு வந்த உலகம்

2025 நவம்பர், டிசம்பர் மாதங்களில் இளைஞர் உலகக் கோப்பை ஆக்கி தமிழ்நாட்டில் நடந்தது. சென்னையிலும் மதுரையிலும் ஆட்டங்கள். காரைக்குடியில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள மதுரையில், உலக நாட்டுப் பிள்ளைகள் மட்டை பிடித்து ஆடினார்கள்.

அப்போது இந்திய இளைஞர் கோஷ்டியின் பயிற்சியாளராக இருந்தவர் யார்? டோக்கியோவிலும் பாரீசிலும் கோல் கம்பத்தைக் காத்து நின்ற கேரள வீரர் ஸ்ரீஜேஷ்! பாரீசோடு ஆட்டத்தை நிறுத்திக்கொண்டு பெஞ்சுக்கு வந்தவர். பாஸ்கரன் நடந்த அதே பாதை.

அந்த வாழ்க்கையில் அவருக்கும் வெற்றி வரும், தோல்வியும் வரும். கடைசி இரண்டு நிமிடத்தில் ஒரு கோல் விழவும் செய்யலாம்.

நம் தெருவிலும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர், விடியற்காலையில் விசிலும் கையுமாகச் செம்மண் மைதானத்துக்கு வருகிறவர். அப்படிப்பட்டவர்களை உருவாக்க காரைக்குடியிலேயே அழகப்பா உடற்பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. பிள்ளை ஒரு போட்டியில் தோற்று வந்தால், "வாத்தியார் சரியில்லை" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். பிள்ளையின் ஓட்டம் போன மாதத்தைவிடத் தேறியிருக்கிறதா என்று பாருங்கள். குறை இருந்தால் அவரிடமே கேளுங்கள். தவணை முடிந்ததும் கணக்குப் பாருங்கள்.

ஆடுகிறவருக்கு ஆட்டம் 60 நிமிடம். ஆட்டுவிக்கிறவருக்கு அதுவே மூன்று வருஷம்.